எனக்கென்று சுட்ட நாலு பேன்கேக்

என் முழங்காலுக்காக நான் சுட்ட பேன்கேக்கைத் தின்று என் கணவருக்குத் தொடையில் சதை பிடித்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அடையாறில் ஓர் எலும்பு மருத்துவரின் அறையில், மருத்துவரின் எதிரிலேயே, அவரே தன் வாயால் சொன்னது. சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறுகிறது.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு மந்தைவெளியில். பல வருடங்களாகப் பத்தாம் வகுப்பு என்னிடம்தான். அந்த வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. பழைய கட்டடம், லிப்ட் கிடையாது. முதலில் இடது முழங்கால் போனது, அதற்குப் பாரம் கொடுக்காமல் நடந்து நடந்து வலதும் போனது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுவேன். பிள்ளைகள் "சாரி மிஸ், சாரி மிஸ்" என்று என்னைத் தாண்டி ஓடுவார்கள். டீச்சர்களின் கழிப்பறை கீழ்த்தளத்தில். ஒரு தடவை ஏறிவிட்டால் மத்தியானம் வரைக்கும் இறங்க முடியாது என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். கீழே ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்களேன் என்று பள்ளியில் நல்ல விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். முடியாது என்றேன். கணக்கு என்றாலே நடுங்குகிற ஒரு பெண்ணைப் பொதுத்தேர்வுக்குத் தயார் பண்ணி அனுப்புகிற வேலை எனக்குப் பிடித்த வேலை. என் வாழ்க்கையில் நானாகத் தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஜனவரியில் அந்த மருத்துவரிடம் போனோம். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆகவேண்டும் என்றார். மே மாத விடுமுறையில் செய்துகொண்டால் ஜூன் கடைசிக்குள் பள்ளிக்கூடம் போய்விடலாம், பத்தாம் வகுப்பும் கையை விட்டுப் போகாது. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆனால் அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"உடம்புல புரதமே இல்லம்மா. தொடைல சதையும் இல்ல. இப்படியே கத்தி வெச்சா காயம் ஆறாது, நீங்க எழுந்து நடக்கவும் மாட்டீங்க. ஏப்ரல்ல வாங்க. உடம்பைத் தேத்திட்டு வந்தீங்கன்னா மே மாசத்துக்குத் தேதி தர்றேன். இல்லேன்னா தர மாட்டேன்."

அதே கட்டடத்தில் கீழே உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னிடம் படித்தவளாகக்கூட இருந்திருக்கலாம், அந்த வயசு. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக மறுத்தேன். வேகவைத்த முட்டையை என்னால் முட்டையாகச் சாப்பிட முடியாது, சின்ன வயசிலிருந்தே குமட்டும். பால் ஒத்துக்கொள்ளாது, தயிரானால் சரி. தினமும் சுண்டல் என்றாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போர்டு பக்கம் திரும்பி நிற்கிற வேலையில் தினமும் சுண்டல் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அப்போ ஆன்ட்டி, உங்களுக்கு பேன்கேக்தான்" என்றாள்.

ஓட்ஸை மிக்ஸியில் பொடிக்க வேண்டும். கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்த தயிர். முட்டையின் வெள்ளை. மருத்துவர் எழுதிக் கொடுத்த புரதப் பொடி இரண்டு கரண்டி. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, இனிப்புக்கு அதுவே போதும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை, அதுதான் முட்டை வாசனையை அமுக்கும்.

"நாலு வரும் ஆன்ட்டி. நாலும் உங்களுக்கு மட்டும். தினம் காலைல. யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது" என்றாள்.

இதையெல்லாம் யார் பங்கு கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

முதல் ஒரு வாரம் வந்தது பேன்கேக் இல்லை, செருப்பின் அடித்தோல். கடித்தால் பல்லோடு திரும்பி வந்தது. என் தோசைக்கல் இரும்பு. தோசைக்குப் பழகிய கல், இந்த மாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் போய், பாத்திரக் கடையின் மூன்றாவது மாடிக்கு ஏறி (லிப்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் படியே மேல் என்று தோன்றியது, அது தப்பு) ஒட்டாத சின்னக் கல் ஒன்று வாங்கிவந்தேன். படியிறங்கும்போது வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. என் முழங்காலுக்காக என் முழங்காலை வைத்தே வாங்கிய கல் அது.

அந்தக் கல்லில் தீயை நன்றாகக் குறைத்து, மாவைப் பரப்பாமல் அப்படியே ஊற்றி, மேலே குமிழ் குமிழாக வரும்வரை பொறுமையாக இருந்து திருப்பினால், பஞ்சு மாதிரி எழும்பி வந்தது. பட்டை வாசனை வாசல் வரைக்கும் போனது. அன்றைக்குத்தான் என் கணவர், லஸ் பக்கத்துப் பூங்காவில் நடந்துவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன வாசனை இது, பிரமாதமா இருக்கே" என்றார்.

அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார், என் சம்பளம் என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை, எனக்கு முட்டி வலித்தால் அவரே தைலம் எடுத்துவந்து பக்கத்தில் வைப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நல்லவராக இருந்துகொண்டு அவர் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கல்லிலிருந்து எடுத்ததை அந்தத் தட்டில் போட்டேன். யோசிக்கவே இல்லை, கரண்டி தானாகப் போனது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். கல்லில் சுடுகிற எதுவானாலும், தோசையோ அடையோ சப்பாத்தியோ, சூட்டோடு உட்கார்ந்திருப்பவர் தட்டுக்குப் போகவேண்டும். சுடுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள். யாரும் இதை உட்கார்ந்து இயற்றவில்லை, யாரும் இதை மீறியதும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சுட்ட தோசைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தைத் தாண்டும். அதில் ஒன்றைக்கூட நான் உட்கார்ந்துகொண்டு கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வாங்கிச் சாப்பிட்டதில்லை.

அவருக்கு இரண்டு போனது. அதற்குள் எங்கள் மகன் எழுந்து வந்துவிட்டான். வேளச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. காலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டு அப்படியே மந்தைவெளியில் ரயிலேறிப் போகிறவன். புரதம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கண் விரிந்தது.

"அம்மா, வெளில இதையே ஒரு கஃபேல என்ன விலைக்கு விக்கறான் தெரியுமா? போடும்மா ரெண்டு."

போட்டேன். மாவு தீர்ந்தது. மணி ஏழரை. முந்தின நாள் இட்லி இரண்டு இருந்தது, நின்றுகொண்டே விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

மறுநாள் மாவை இரண்டு மடங்கு கரைத்தேன். நான் கணக்கு டீச்சர். மாவு இரண்டு மடங்கானால் என் பங்கும் இரண்டு மடங்காக வேண்டும். ஆனது, பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் வருகிற அதே விடை. கணவர் மூன்று, மகன் நாலு, எட்டாவதைக் கணவரோடு பூங்காவில் நடக்கும் நண்பர் வாசலில் நின்று ருசி பார்த்தார். மூன்று மடங்கு கரைத்த நாளில் எனக்கு ஒன்று கிடைத்தது. ஆறியிருந்தது. அதைப் பாதி சாப்பிடும்போது "இன்னும் இருக்கா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"நீயும் சாப்பிடு" என்று அவர் தினமும் சொல்வார். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வாய் நிறைய மென்றுகொண்டு, அடுத்ததற்காகத் தட்டை நீட்டிக்கொண்டு, "நீயும் சாப்பிடும்மா" என்பார். எதை வைத்துக்கொண்டு சாப்பிடுவது? ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தோசைத்திருப்பி, கண் கடிகாரத்தில். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்து அவர் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது. அந்த இரண்டு நாளும் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து, பனீரை உதிர்த்துப் போட்டுச் செய்வேன். அன்றைக்காவது எனக்கு மிஞ்சும் என்று பார்த்தேன். "இன்னிக்கு அவ்வளவா உப்பலியே" என்று குறை சொல்லிக்கொண்டே அதையும் தின்றார்கள். வீட்டு வேலைக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் பெண் ஒருத்திதான் வேண்டாம் என்றவள். ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா இது, மாத்திரைய மாவா கரைச்சி ஊத்துனா மாரி கீது. எனுக்கு வோணாம், நீ துன்னு" என்றாள். அந்த வீட்டில் என்னைத் தின்னச் சொல்லிவிட்டு, தான் தின்னாமல் இருந்தவள் அவள் மட்டும்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் துணிந்து காரியம் செய்தேன். எல்லோரும் எழுவதற்கு முன்னால் நாலு சுட்டு, ஹாட்பாக்ஸில் போட்டு மூடி, சமையலறை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். குளித்துவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று. குளித்துவிட்டு வந்தபோது ஹாட்பாக்ஸ் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் காலியாகக் கிடந்தது. மகன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நேத்து மிச்சம்னு நெனச்சேம்மா. வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டா செமயா இருக்கு" என்றான். நான் அவனைத் திட்டவில்லை. அவன் வயிறு காய்ந்து ரயிலேறுவதை நினைத்தால் எனக்குத் திட்ட வாய் வராது. அந்த வாயை எனக்குக் கொடுக்காமல் வளர்த்தவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

ஏப்ரலில் போனோம். பிசியோதெரபிப் பெண் என் தொடையைச் சுற்றி அளவு நாடாவை வைத்தாள். ஜனவரியில் எடுத்து எழுதியிருந்த அளவைப் பார்த்தாள், மறுபடியும் வைத்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாள். நான் எழ முயன்று பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிடறீங்களாம்மா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"டெய்லி பண்றா டாக்டர். ஒரு நாள் விடறதில்ல. அவ்வளவு நல்லா வருது. என்னையே பாருங்களேன், ரெண்டு மாசமா இதுதான் டிபன். முன்னெல்லாம் தரைல உக்காந்தா கை ஊனித்தான் எழுந்திருப்பேன். இப்போ ஊன்றதே இல்ல. தொடை நல்லா இறுகிடுச்சு, பேண்ட்டெல்லாம் பிடிக்குது."

சொல்லிவிட்டு, பார்க்கிறீர்களா என்பதுபோலத் தன் தொடையை ஒரு தட்டு தட்டினார். மருத்துவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் உங்களக் கேக்கல சார். இவங்க சாப்பிட்டாங்களான்னு கேட்டேன்."

"சாப்பிடுவாளே" என்றார் என் கணவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரியாமல், "நீ சாப்பிடறதானே?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனிதர். ஒரே மேஜை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு, அவர் மேஜையில் சாப்பிட்டார், நான் அடுப்புப் பக்கத்தில் சாப்பிட்டேன். எனக்கு அந்த அறையிலேயே கத்த வேண்டும்போல இருந்தது.

மே மாதத் தேதி கிடைக்கவில்லை. "ஆகஸ்ட்ல பார்க்கலாம். அதுக்கும் தேறலேன்னா நான் பண்ண மாட்டேன்" என்றார் மருத்துவர். அப்படியென்றால் செப்டம்பரில் காலாண்டு விடுமுறையோடு சேர்த்து நீண்ட விடுப்பு எடுக்க வேண்டும். பொதுத்தேர்வு எழுதப் போகிற வகுப்பை நடு வருடத்தில் விட்டுவிட்டுப் போகிறவளிடம் எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும்? தலைமையாசிரியை என்னை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, மெதுவாகத்தான் சொன்னார். இந்த வருடம் பத்தாம் வகுப்பு வேறு டீச்சருக்கு. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே "மிஸ், அடுத்த வருஷம் நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். என் பேன்கேக்கோடு சேர்த்து அவர்களையும் தின்றுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். அடையாறு பாலம் தாண்டும்போது கணவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நாளைலேர்ந்து நீதான் முதல்ல சாப்பிடணும். நான் சொல்லிட்டேன்" என்றார்.

நான் சொல்லிட்டேன். என் எலும்புக்கு, என் சம்பளத்தில் வாங்கிய ஓட்ஸில், நான் கரைத்த மாவில், நான் சாப்பிட அவர் உத்தரவு போடுகிறார். சாயங்காலம் மகன் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, வருத்தத்தோடுதான், "ஏம்மா, உனக்குன்னு எடுத்து வெச்சிக்கிட்டிருக்க வேண்டியதுதானே?" என்றான். அன்றைக்கு நடந்ததிலேயே என்னை அதிகமாகச் சுட்டது இதுதான். என் வீட்டில், என் சமையலறையில், எனக்காகச் செய்ததை நான் ஒளித்து வைக்க வேண்டும். ஒளித்து வைக்கத் தெரியாதது என் தப்பு. எடுத்துத் தின்றவர்கள் வெறுமனே பசித்தவர்கள்.

"எடுத்து வெச்சேன்டா. ஹாட்பாக்ஸ்ல வெச்சேன்" என்றேன். அவன் ஷூவைக் கழற்றக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலையில் நாலு பேன்கேக்குக்கான மாவு ஒரு கிண்ணத்திலும், மீதி மாவு இன்னொரு பாத்திரத்திலும் கரைத்தேன். என் நாலையும் சுட்டேன். தட்டில் போட்டுக்கொண்டு போய் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கணவர் பூங்காவிலிருந்து வந்தார், எதிரில் உட்கார்ந்தார், கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சூடாக இருந்தது. நடுவில் மெத்தென்று, ஓரத்தில் லேசாக மொறுமொறுவென்று. இத்தனை மாதம் நான் சுட்டது இப்படித்தான் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கல்லு காயுது பாரு" என்றார்.

"பாருங்க" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கரண்டி எங்கே என்று கேட்டார், எண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். குமிழ் வருவதற்கு முன்பே திருப்பியிருக்கிறார். இரண்டாகப் பிய்ந்து ஒரு பக்கம் கருகிவிட்டது. அதை ஒரு கரண்டியில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். வந்து என் தட்டில் வைத்தார்.

"இந்தா, நான் போட்டது. உனக்குத்தான் முதல்ல."

அவர் கேலி செய்யவில்லை, முகத்தில் பிரியம்தான் இருந்தது. பிய்ந்ததும் கருகியதும் எந்தத் தட்டுக்குப் போகும் என்று அவர் யோசிக்கவும் இல்லை, என் கரண்டி எப்படி யோசிக்கவில்லையோ அப்படி. நான் அதை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு என்னுடையதைச் சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் முதலில் சுட்டுச் சாப்பிடுவேன், அவர்கள் தங்களுடையதைத் தாங்களே சுட்டுக்கொள்வார்கள். மகன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். கணவர் நடந்துவிட்டு வந்த களைப்போடு அடுப்பு முன்னால் நிற்பது வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தாங்கவில்லை. "இன்னாம்மா, சாரு அடுப்பாண்ட நின்னுகினு கீறாரு, நீ குந்திகினு துன்னுகினு கீற. உடம்பு கிடம்பு சரியில்லியா உனுக்கு?" என்று கேட்டாள். சரியில்லை என்பதற்காகத்தான் ஜனவரியிலிருந்து இந்தக் கூத்தெல்லாம் என்று சொன்னேன். உறவுக்காரர்களும் கேள்விப்பட்டு விசாரித்தார்கள், அவரைத்தான் விசாரித்தார்கள். பாவம், இந்த வயசில் அவரே சமைக்கிறாராமே என்று. எனக்கு முட்டி போனபோது ஒருவரும் அப்படிப் பாவம் என்று சொல்லவில்லை. தினமும் மாவைக் கரைப்பது மட்டும் என் கையில்தான் இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. எனக்குக் கீழ்த்தளத்தில் ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டாவது மாடிக்கு ஓடும்போது என் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்து "மிஸ்" என்று கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நான் சிரித்துவிட்டுப் பின்னங்களுக்குத் திரும்புவேன்.

ஆகஸ்டில் பிசியோதெரபிப் பெண் நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கையை ஊன்றாமல் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். ரத்தமும் தேறியிருந்தது. மருத்துவர் செப்டம்பர் கடைசிக்குத் தேதி கொடுத்தார். "இப்போல்லாம் நானே சுட்டுக்கறேன் டாக்டர்" என்று என் கணவர் சொன்னார். மருத்துவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

வெளியே மேஜையில் இருந்த பெண் அறுவைக்கு முந்தைய விவரங்களை எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே, "டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம் ஆறு வாரம் அடுப்பு முன்னாடி நிக்கவே கூடாது மேடம். வீட்ல சமையலுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அதப் பத்தி கவலையே இல்லம்மா. இவ எல்லாத்தையும் முன்னாடியே பண்ணி ஃப்ரீசர்ல அடுக்கிட்டுத்தான் வருவா. பேன்கேக் மாவு வரைக்கும். ரொம்பப் பொறுப்பு."

அவருக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கையைக் கேட்டு அந்தப் பெண்ணும் பாராட்டுவதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு, சொல்ல வேண்டியது என்பதால் சொன்னாள், "இல்லேன்னா எங்களோட ஆளுங்க வேளச்சேரில ஒரு இடம் வெச்சிருக்காங்க. அங்கயே தங்கலாம். பிசியோ, சாப்பாடு எல்லாம் ரூமுக்கே வந்துடும்."

"வீடு இருக்கும்போது அதெல்லாம் எதுக்கும்மா?" என்று கணவர் சிரித்தார்.

"எழுதிக்கோம்மா" என்றேன். "ஆறு வாரமும்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன நீ, நாங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கோமே" என்றார்.

"இருக்கீங்க" என்றேன். "அதனாலதான்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். அறை எந்தப் பக்கம், மாடியா, கீழா என்று கேட்டாள். கீழே என்றேன். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

"காலைல டிபன் உங்களுக்கு எத்தனை மணிக்குக் கொண்டுவரச் சொல்லட்டும் மேடம்?"

என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கும்மா" என்றேன். "சூடா வேணும்."